மூடிய ஆலைகளின் ஊருக்குத் தொழில்நுட்ப நிறுவனங்கள் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருக்காலையோ துணி ஆலையோ கார் தொழிற்சாலையோ மூடிப் பல வருடம் ஆன நகரங்களுக்கு மென்பொருள், சிப், மின்னணு நிறுவனங்களைக் கொண்டுவர அரசுகள் பெரும் பணம் செலவழிக்கின்றன. சில ஊர்கள் அதில் மீண்டன. சில ஊர்கள் கையில் இருந்ததையும் தொலைத்தன. அடிக்கடி எழும் கேள்விகளுக்கு, உண்மையில் நடந்தவற்றை வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆலை மூடினால் மக்கள் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். அரசு ஏன் மெனக்கெட வேண்டும்?

போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1950இல் சுமார் 6,77,000 பேர் இருந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் சுமார் 3,03,000 பேர். டெட்ராய்ட் அதே காலத்தில் 18.5 லட்சத்திலிருந்து 6.4 லட்சத்துக்கு இறங்கியது. முதலில் கிளம்புகிறவர்கள் இளைஞர்களும் படித்தவர்களும். வயதானவர்களும், வீட்டை விற்க ஆள் கிடைக்காதவர்களும் தங்கிவிடுகிறார்கள். 18 லட்சம் பேருக்காகப் போட்ட தண்ணீர்க் குழாயையும் சாலையையும் அதில் மூன்றில் ஒரு பங்கு மக்களின் வரியில் பராமரிக்க வேண்டும். டெட்ராய்ட் மாநகராட்சி 2013இல் திவால் மனு கொடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. எனவே அரசு ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அதற்குச் செலவு இருக்கிறது.

அரசின் கையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

வரிச்சலுகை, நேரடி மானியம், குறைந்த விலையில் நிலம், அரசே கட்டடம் கட்டி வாடகைக்கு விடுவது ஆகியவை ஒரு வகை. பல்கலைக்கழகத்தில் புதிய துறை, வேகமான இணையம், பொதுப் போக்குவரத்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விதைப் பணம் ஆகியவை இன்னொரு வகை. முதல் வகைக்கான பணம் நிறுவனத்தின் கையில் போய்ச் சேர்கிறது. இரண்டாவது வகையில் செலவழித்தது ஊரிலேயே தங்குகிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

வரிச்சலுகை கொடுத்தால் நிறுவனங்கள் வருமா?

வரும். ஆனால் அந்தச் சலுகைக்காகத்தான் வந்தார்களா என்பது வேறு கேள்வி. இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் டிமோதி பார்ட்டிக். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் அவர் வந்த முடிவு: சலுகை பெற்ற நிறுவனங்களில், சலுகை இருந்ததால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவை 2 முதல் 25 சதவீதம் வரைதான். மற்றவை எப்படியும் வந்திருக்கும். அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தேவையில்லாமல் பணம் போயிருக்கிறது.

அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக 2017இல் அறிவித்தபோது 238 ஊர்கள் விண்ணப்பித்தன. பழைய தொழில் நகரமான நுவார்க்குக்காக நியூஜெர்சி 700 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. டெட்ராய்ட் முதல் 20 ஊர்களின் பட்டியலுக்குள்கூட வரவில்லை. தேவையான திறமையுள்ள ஆட்களும் பொதுப் போக்குவரத்தும் போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. கடைசியில் தேர்வானவை நியூயார்க்கும் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனும். ஏற்கெனவே செழிப்பாக இருக்கும் இரண்டு இடங்கள்! (நியூயார்க்கில் எதிர்ப்பு கிளம்பவே, 2019 பிப்ரவரியில் அமேசான் அங்கிருந்து விலகிக்கொண்டது.) ஆர்லிங்டன் இருக்கும் வர்ஜீனியா மாநிலம் பணச் சலுகையோடு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வளாகமும், மாநிலம் முழுவதும் கணினிப் படிப்புக்குக் கூடுதல் இடங்களும் தருவதாக ஒப்புக்கொண்டது. நாளைக்கு அமேசான் கிளம்பிப் போனாலும் அந்த வளாகம் போகாது.

ஒரே ஒரு பெரிய நிறுவனம் வந்தால் ஊரே மாறிவிடும் என்கிறார்களே?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ராசீன் என்ற பழைய தொழில் நகரம் இருக்கிறது. அதை ஒட்டிய மவுண்ட் பிளசன்ட்டில் பாக்ஸ்கான் தொலைக்காட்சி போன்றவற்றுக்கான திரைகளைச் செய்யும் ஒரு மாபெரும் தொழிற்சாலை கட்டப்போவதாக 2017இல் அறிவிப்பு வந்தது. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 பேருக்கு வேலை என்றார்கள். பதிலுக்கு மாநிலம் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகை தர முன்வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபரே வந்து மண்வெட்டி பிடித்தார்.

உள்ளூர் நிர்வாகம் நிலம் வாங்கியது, சாலையை அகலப்படுத்தியது, பெரிய தண்ணீர்க் குழாய் பதித்தது. கடன் வாங்கித்தான் இவ்வளவும் செய்தார்கள். நல்ல நிலையில் வீடுகள் இருந்த பகுதியைச் 'சீரழிந்த பகுதி' என்று ஊர் மன்றம் தீர்மானம் போட்டது. நிலத்தைக் கையகப்படுத்த அது வழிசெய்தது. குடும்பங்கள் காலி செய்தன, வீடுகள் இடிக்கப்பட்டன.

அப்புறம் தொழிற்சாலையின் அளவு சுருங்கியது, என்ன செய்யப்போகிறார்கள் என்பதும் மாறிக்கொண்டே போனது. 2018 முடிவில் குறைந்தது 260 பேர் வேலையில் இருந்தால்தான் முதல் வருடச் சலுகை என்பது நிபந்தனை. நிறுவனம் காட்டிய எண்ணிக்கை 178. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: 67.2 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை, அதிகபட்சம் 8 கோடி டாலர் சலுகை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாநிலத்தின் வரிச்சலுகை, வேலை கொடுத்தால்தான் பணம் என்ற நிபந்தனையோடு இருந்ததால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி தப்பியது. மாட்டிக்கொண்டது முன்கூட்டியே செலவழித்த சின்ன ஊர்தான். நிலமும் குழாயும் மின்சாரமும் தயாராக இருந்ததால் பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அங்கே நிலம் வாங்கியது. 330 கோடி டாலரில் தரவு மையம் (இணையச் சேவைகளுக்கான கணினிகளை அடுக்கி வைக்கும் கூடம்) கட்டுவதாக 2024இல் அறிவித்தது. ஊரின் கடனுக்கு இது ஒரு வழி. ஆனால் இடிந்த வீட்டுக்காரர்களிடம் சொன்ன காரணம் 13,000 வேலை என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

தரவு மையம் வந்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

கட்டும்போது ஆயிரக்கணக்கில், கட்டி முடித்த பிறகு மிகக் குறைவு. வடக்கு கரோலினாவில் மரச்சாமான், துணித் தொழில்கள் நொடித்துப்போன பகுதியில் இருக்கும் மெய்டன் என்ற சிற்றூரில் ஆப்பிள் 100 கோடி டாலர் தரவு மையம் கட்டியது. அப்போது சொல்லப்பட்ட நிரந்தர வேலைகள் சுமார் 50. சொத்துவரி வருமானத்துக்காகத் தரவு மையத்தை வரவேற்கலாம்; வேலைக்காக என்றால் வேண்டாம். அந்தச் சொத்துவரியையும் சலுகையாகத் தள்ளுபடி செய்துவிட்டால் ஊருக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

நிறுவனம் பாதியில் போய்விட்டால் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஓரளவு முடியும். ஜெர்மனியின் போஹும் நகரம் நிலக்கரிச் சுரங்கங்களை இழந்த பிறகு நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலையைப் பெரிதாக நம்பியிருந்தது. 2008 ஜனவரியில், சுமார் 2,300 பேர் வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலையை மூடி, உற்பத்தியை ருமேனியாவின் குளுஜ் பக்கம் கொண்டுபோவதாக நோக்கியா அறிவித்தது. அதுவரை பொதுப்பணத்திலிருந்து அது வாங்கியது சுமார் 8.8 கோடி யூரோ. மாநில அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது. நீண்ட பேச்சுக்குப் பிறகு, போஹும் வட்டாரத்தின் வளர்ச்சிக்காக நோக்கியா 2 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டது. ருமேனியா ஆலையாவது நிலைத்ததா என்றால், அதையும் மூடுவதாக 2011இல் அறிவித்துவிட்டார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் அரசு இன்னொரு வழியில் போனது. பழைய ரிபப்ளிக் ஸ்டீல் உருக்காலை இருந்த நிலத்தில் சோலார்சிட்டி நிறுவனத்துக்காக (பிறகு அதை டெஸ்லா வாங்கியது) அரசே தொழிற்சாலை கட்டிக் கொடுத்தது. முதலில் ஒதுக்கியது 75 கோடி டாலர், முடிவில் ஆனது அதற்கு மேல். வாடகை வருடத்துக்கு 1 டாலர். பஃபலோவில் 1,460 பேருக்கு வேலை தராவிட்டால் வருடத்துக்கு 4.12 கோடி டாலர் அபராதம் என்று எழுதியிருந்தார்கள். எண்ணிக்கையைக் காட்ட அந்த அபராதம் உதவியது. ஆனால் சூரியத் தகடு செய்யும் வேலை என்று சொல்லி ஆரம்பித்த இடத்தில், பிற்பாடு வந்த வேலைகளில் கணிசமானவை கார்களின் கேமராப் படங்களைப் பார்த்து 'இது லாரி, இது சாலைக் கோடு' என்று கணினிக்குக் குறித்துக் கொடுக்கும் வேலைகள்.

ஆகவே ஒப்பந்தத்தில் தலை எண்ணிக்கை மட்டும் போதாது. என்ன வேலை, குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு, நேரடி ஊழியரா ஒப்பந்த ஊழியரா, எத்தனை வருடம் நீடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத வேண்டும். ஒப்பந்தம் முழுதும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். வணிக ரகசியம் என்று சொல்லி மூடி வைக்கும் ஒப்பந்தத்தை நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆலையில் வேலை இழந்தவர்களுக்கு இந்தப் புதிய வேலைகள் கிடைக்குமா?

பெரும்பாலும் நேரடியாகக் கிடைக்காது. அடிக்கல் நாட்டு விழாக்களில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பென்சில்வேனியாவில் 1980களில் வேலை இழந்த அனுபவசாலித் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஐந்து வருடம் கழித்தும் அவர்களின் வருமானம், வேலை போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருப்பதைவிடக் கால் பங்கு குறைவாகவே இருந்தது. ஐம்பது வயதில் உலைக்களத்திலிருந்து வெளியே வந்தவருக்கு ஆறு மாத மென்பொருள் பயிற்சி கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிட முடியாது.

மறைமுகமாகச் சில வேலைகள் வரும். ஒரு நகரத்தில் புதிதாக உருவாகும் ஒவ்வொரு உயர்தொழில்நுட்ப வேலையும் காலப்போக்கில் அங்கே வேறு ஐந்து வேலைகளை உண்டாக்குகிறது, அதில் மூன்று கல்லூரிப் பட்டம் தேவைப்படாதவை என்று பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி கணக்கிட்டிருக்கிறார். நல்ல செய்திதான். ஆனால் அந்த மூன்றும் உணவகத்திலும் கடையிலும் கிடைக்கும் வேலைகள் என்றால், தொழிற்சங்கம் பேசி வாங்கிய உருக்காலைச் சம்பளத்துக்கு அவை ஈடாகாது. பழைய தொழிலாளர்களுக்கு ஓய்வூதியப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீடு, அவர்களின் கைத்திறனுக்குப் பொருந்தும் பராமரிப்பு, இயந்திர வேலைகள் என்று தனியாக ஒரு திட்டம் வேண்டும்.

பழைய ஆலை நிலம் சும்மாதானே கிடக்கிறது, அங்கேயே கட்டினால் என்ன?

கட்டலாம், பொறுமை இருந்தால். பல பத்தாண்டு ஓடிய ஆலையின் மண்ணில் எண்ணெய், தார், உலோகக் கழிவு எல்லாம் இறங்கியிருக்கும். சுத்தம் செய்யும் பொறுப்பு தன் தலையில் விழுமோ என்று பயந்தே நிறுவனங்கள் ஊருக்கு வெளியே காலி வயலைத் தேடிப் போகின்றன. பிட்ஸ்பர்க்கின் ஹேசல்வுட்டில் கற்கரி (உருக்காலைக்கான எரிபொருள்) ஆலை 1998இல் மூடியது. 2002இல் அறக்கட்டளைகள் சேர்ந்து அந்த நிலத்தை வாங்கின. பழைய உருட்டாலையின் எஃகுச் சட்டத்தை அப்படியே நிறுத்தி, உள்ளே புதுக் கட்டடம் எழுப்பிய மில் 19 திறந்தது 2019இல்தான். கூரைக்கு மேலே இப்போது சூரியத் தகடுகள். கீழே ரோபோ ஆராய்ச்சி. ஆலை மூடியதிலிருந்து 21 வருடம்.

வெளியிலிருந்து அழைக்காமல் உள்ளூரிலேயே நிறுவனங்கள் முளைக்குமா?

முளைக்கும். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஸ்காட்லாந்தின் டண்டீ. வங்காளத்துச் சணலை நெய்து வாழ்ந்த ஊர் அது. கொல்கத்தாவிலேயே ஆலைகள் பெருகியதும் படிப்படியாகச் சரிந்தது. பிறகு டைமெக்ஸ் கைக்கடிகாரத் தொழிற்சாலை கைகொடுத்தது. 1980களில் சிங்க்ளேரின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி அந்தத் தொழிற்சாலையில்தான் தயாரானது. அதனால் அந்த மலிவு விலைக் கணினி டண்டீ வீடுகளில் தாராளமாகப் புழங்கியது, பையன்கள் அதில் நிரல் எழுதப் பழகினார்கள். டைமெக்ஸில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் ஆட்குறைப்பில் கிடைத்த பணத்தில் அமிகா கணினி ஒன்றை வாங்கி விளையாட்டுகள் எழுத ஆரம்பித்தார். அவர் தொடங்கிய டிஎம்ஏ டிசைன் 1991இல் லெமிங்ஸையும், 1997இல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவையும் உருவாக்கியது. இடையில் 1993இல், கசப்பான வேலைநிறுத்தத்துக்குப் பிறகு டைமெக்ஸ் மூடிவிட்டது.

இதில் அரசுத் தரப்பின் பங்கு எங்கே என்றால், உள்ளூர் அபர்ட்டே பல்கலைக்கழகம் 1997இல் கணினி விளையாட்டுக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது. உலகிலேயே முதன்முதலில் அப்படி ஒரு படிப்பைத் தொடங்கியவற்றில் அது ஒன்று. 2010இல் ரியல்டைம் வேர்ல்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் அங்கே நொடித்தபோது, வேலை இழந்தவர்களில் பலர் ஊரை விட்டுப் போகாமல் சின்னச் சின்ன நிறுவனங்களைத் தொடங்கினார்கள். ஒரு நிறுவனம் விழுந்தபோது தொழில் விழவில்லை. நோக்கியாவை நம்பிய போஹும் நகரத்தில் இருந்தது ஒரு தொழிற்சாலை. டண்டீயில் இருந்தது ஒரு தொழில்.

வேகமான இணையம் கொடுத்தால் போதுமா?

போதாது. ஆனாலும் செலவழித்த பணம் வீணாகாத வழிகளில் இது ஒன்று. அமெரிக்காவிலேயே மோசமான காற்று உள்ள நகரம் என்று 1969இல் பெயர் வாங்கிய சட்டனூகாவில், நகருக்குச் சொந்தமான மின் விநியோக நிறுவனம் மத்திய அரசின் 11.15 கோடி டாலர் உதவியோடு ஃபைபர் கம்பி பதித்து, 2010இல் தன் பகுதி முழுவதற்கும் விநாடிக்கு ஒரு கிகாபிட் இணையத்தைத் தந்தது. தனியார் கேபிள் நிறுவனங்கள் வழக்குப் போட்டும் தடுக்க முடியவில்லை. புயலில் மின்கம்பி அறுந்தால் அந்தப் பகுதியை மட்டும் தானாகவே பிரித்து மற்ற இடங்களுக்கு மின்சாரம் கொடுக்கவும் இதே ஃபைபர் உதவுகிறது. 2020இல் பள்ளிகள் மூடியபோது ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணையம் கொடுக்க முடிந்ததும் இதனால்தான். ஒரு நிறுவனம்கூட வராமல் போயிருந்தாலும் ஊர்மக்களுக்கு அது பயன்பட்டிருக்கும்.

வந்த நிறுவனத்தைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி?

நெதர்லாந்தின் ஐந்தோவனைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தது. 1993இல் லாரி தயாரிக்கும் டாஃப் திவாலானது. நகர மேயர், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தலைவர், வணிகர் சபைத் தலைவர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். சுற்றியுள்ள நகராட்சிகள் தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒரு பொது நிதி உண்டாக்கின. பிலிப்ஸும் தன் ஆராய்ச்சி வளாகத்தின் கதவை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. பக்கத்து வெல்தோவனில் இருக்கும் ஏஎஸ்எம்எல், 1984இல் பிலிப்ஸ் பங்காளியாக இருந்து தொடங்கிய நிறுவனம். இன்று உலகின் மிக நுணுக்கமான சிப்களைச் செய்யும் இயந்திரங்கள் அங்கிருந்துதான் போகின்றன.

அந்த ஏஎஸ்எம்எல் வேறு நாட்டில் விரிவாக்கம் செய்யுமோ என்ற பேச்சு எழுந்தபோது, நெதர்லாந்து அரசும் அந்த வட்டாரமும் சேர்ந்து 2024இல் சுமார் 250 கோடி யூரோ ஒதுக்கின. பணம் போனது வீடுகள், சாலை, ரயில், மின்கட்டமைப்பு, தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றுக்கு. உண்மையில் வளர்கிற நிறுவனம் ஆளைக் கூட்டிவந்தால் அவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்கிறது.

அப்படியானால் வாடகை ஏறாதா?

ஏறும். பாதி காலியாக இருக்கும் ஊரில் முதலில் அது தெரியாது. சம்பளம் அதிகமுள்ளவர்கள் ஒரே பேட்டையில் குவியும்போது தெரியும். நிலம் மலிவாக இருக்கும்போதே அரசு கொஞ்சத்தை வாங்கி மலிவு வீடுகளுக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வாங்க நினைத்தால் கட்டுப்படியாகாது.

ஊருக்கு ஊர் போட்டி போடுவது நாட்டுக்கு நல்லதா?

இல்லை. அயர்லாந்தின் லிமரிக்கிலிருந்து கணினி உற்பத்தியைப் போலந்தின் வூட்ஜ் நகருக்கு மாற்றுவதாக டெல் 2009இல் அறிவித்தது. லிமரிக்கில் 1,900 வேலை போனது. துணி ஆலைகளை இழந்து தவித்த வூட்ஜுக்கு அது வரம்தான். போலந்து அரசு டெல்லுக்குத் தந்த 5.45 கோடி யூரோ உதவிக்கு ஐரோப்பிய ஆணையம் அனுமதி கொடுத்தது. லிமரிக்கில் வேலை இழந்தவர்களுக்கு உதவ ஐரோப்பிய ஒன்றியமே 1.48 கோடி யூரோ கொடுத்தது. ஒரே வேலையை இங்கிருந்து அங்கே நகர்த்த இரண்டு பக்கமும் பொதுப்பணம்!

எத்தனை வருடத்தில் பலன் தெரியும்?

பதினைந்து, இருபது வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ரோபோ ஆய்வகத்தைத் தொடங்கியது 1979இல், உருக்காலைகள் மொத்தமாகச் சரிவதற்கு முன்பே. கூகுள் பழைய நபிஸ்கோ ரொட்டித் தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் குடிவந்தது 2010இல். அதே பல்கலைக்கழகத்தில் பிறந்த டுவோலிங்கோ பங்குச் சந்தைக்கு வந்தது 2021இல். ஆர்கோ ஏஐ என்ற ஓட்டுநரில்லாக் கார் நிறுவனம் 2022இல் மூடியபோது, அதை நிறுவியவர்கள் அடுத்த வருடமே அதே ஊரில் ஓட்டுநரில்லா லாரிக்காக இன்னொன்றைத் தொடங்கினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆற்றோரத்தில் சில மைல் தள்ளியிருக்கும் பிராடக் மீளவில்லை. 1920இல் 20,000 பேருக்கு மேல் இருந்த அந்த உருக்காலை ஊரில் இப்போது 2,000 பேர்கூட இல்லை. நகர மையத்தின் வெற்றி ஆலைப் பேட்டைகளுக்குத் தானாக வழிந்து வராது. பேருந்து, பள்ளி, மருத்துவமனை என்று அங்கேயும் தனியாகச் செலவழிக்க வேண்டும்.

ஆட்சிக் காலமோ நான்கைந்து வருடம். அதனால்தான் திறப்பு விழாவுக்கு உடனே வசதியான பெரிய தொழிற்சாலைகள் மேல் அரசியல்வாதிகளுக்கு ஆசை. இதைத் தாண்டிய திட்டங்களும் உண்டு. பென்சில்வேனியா அரசு 1983இல் பென் பிராங்க்ளின் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. புதிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்குச் சிறு தொகைகளும் ஆலோசனையும் கொடுத்து, பல்கலைக்கழகங்களோடு இணைத்துவிடுவது அதன் வேலை. நான்கு வட்டார மையங்கள், ஒவ்வொன்றும் அந்தந்த வட்டாரத் தேவைக்கேற்ப முடிவெடுக்கும். இரண்டு கட்சிகளின் ஆளுநர்களும் மாறி மாறி வந்துபோனார்கள். திட்டம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.